லினக்ஸில் சி டிரைவ் எங்கே?

விண்டோஸிலிருந்து லினக்ஸுக்கு வருபவர்கள் முதலில் தேடுவது சி டிரைவ், டி டிரைவ் ஆகியவற்றைத்தான். லினக்ஸில் இவை கிடையாது. எத்தனை ஹார்ட் டிஸ்க் இருந்தாலும் எல்லாம் ரூட் என்ற ஒரே டைரக்டரியின் கீழ்தான் வரும். புது டிஸ்க்கை அதிலுள்ள ஒரு டைரக்டரியோடு இணைக்க வேண்டும். இதற்கு மவுண்ட் செய்தல் என்று பெயர்.

டிஸ்க்குகளுக்கு லினக்ஸ் எஸ்டிஏ, எஸ்டிபி, எஸ்டிசி என்று பெயர் வைக்கும். இந்தப் பெயரை நம்பி நான் பட்ட அவஸ்தையைக் கேளுங்கள்.

வீட்டுக் கம்ப்யூட்டரில் உபுண்டு போட்டிருந்தேன். தங்கையின் கல்யாணப் போட்டோக்கள் தனியாக ஒரு 500 ஜிபி டிஸ்க்கில் இருந்தன. அதே அளவில் இன்னொன்று வாங்கி மாட்டினேன். புதியது எஸ்டிசி என்று குறித்துக்கொண்டு தூங்கப் போய்விட்டேன். மறுநாள் ஆன் செய்து, டெர்மினலில் எஸ்டிசியை ஃபார்மேட் செய்யக் கட்டளை கொடுத்தேன். இதில் ஏற்கெனவே ஃபைல் சிஸ்டம் இருக்கிறது, தொடரவா என்று கேட்டது. வழக்கமான கேள்விதானே என்று 'ஒய்' தட்டினேன். போட்டோக்கள் போயே போய்விட்டன!

பூட் ஆகும்போது டிஸ்க்குகள் கண்டறியப்படும் வரிசையில்தான் இந்தப் பெயர்கள் கிடைக்கின்றன. வரிசை மாறினால் பெயரும் மாறும். சாப்ட்வேர் வேலை பார்க்கும் எனக்கே அன்றுதான் இது உறைத்தது. ஆல்பத்துக்குக் கொடுத்த படங்கள் மட்டும் போட்டோகிராபரிடம் மிச்சம் இருந்தன. அம்மா இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை.

நீங்கள் டெர்மினல் பக்கமே போக வேண்டாம். உபுண்டுவில் 'டிஸ்க்ஸ்' என்ற புரோகிராமைத் திறந்தால் ஒவ்வொரு டிஸ்க்கின் மாடலும் சீரியல் நம்பரும் தெரியும். டிஸ்க்கின் மேல் ஒட்டியுள்ள லேபிளில் இருக்கும் நம்பரோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே ஃபார்மேட் செய்யுங்கள். லினக்ஸுக்கு மட்டும் என்றால் எக்ஸ்ட்4 போதும். விண்டோஸும் படிக்க வேண்டுமென்றால் என்டிஎஃப்எஸ்.

அடுத்து பார்ட்டிஷனைத் தேர்வு செய்து, பல்சக்கர ஐகானில் 'எடிட் மவுண்ட் ஆப்ஷன்ஸ்' செல்லுங்கள். 'யூசர் செஷன் டிஃபால்ட்ஸ்' என்பதை ஆஃப் செய்யுங்கள். 'ஐடென்டிஃபை அஸ்' என்ற இடத்தில் யூயூஐடி உள்ள வரியைத் தேர்வு செய்யுங்கள். இது அந்த ஃபைல் சிஸ்டத்துக்கே உரிய நீளமான நம்பர். வரிசை மாறினாலும் இது மாறாது, மறுபடி ஃபார்மேட் செய்தால்தான் மாறும்.

அங்கே 'நோஃபெயில்' என்ற வார்த்தை இருக்கும். அதை அழித்துவிடாதீர்கள். அது இல்லாவிட்டால், கேபிள் கழன்று டிஸ்க் கிடைக்காத நாளில் உபுண்டு 90 விநாடி காத்திருந்துவிட்டு, டெஸ்க்டாப்புக்குப் போகாமல் எமர்ஜென்சி மோடில் நின்றுவிடும்.