கருப்புத் திரையில் பைலைப் படிப்பது எப்படி?

ஒரு டெக்ஸ்ட் பைலில் என்ன இருக்கிறது என்று பார்க்க நோட்பேடைத் திறக்கத்தான் வேண்டும் என்பதில்லை. விண்டோஸ் 10 அல்லது 11-ல் அந்த பைல் உள்ள போல்டரைத் திறந்து, மேலே அட்ரஸ் பாரில் சி, எம், டி என்ற மூன்று எழுத்துகளை டைப் செய்து என்டர் தட்டுங்கள். கமாண்ட் பிராம்ப்ட் அதே போல்டரில் திறக்கும். இனி கீழ்க்கண்ட கட்டளையைக் கொடுங்கள் (கட்டளைகளை ஆங்கில எழுத்துகளில்தான் தர வேண்டும்):

டைப் நோட்ஸ்.டிஎக்ஸ்டி

பைல் முழுவதும் திரையில் வந்துவிடும். பெயரில் இடைவெளி இருந்தால் இரட்டை மேற்கோள் குறிக்குள் கொடுக்கவும். பைல் பெரிதாக இருந்தால் வரிகள் கடகடவென ஓடிவிடும். அப்போது மோர் கட்டளைதான் கை கொடுக்கும்:

மோர் நோட்ஸ்.டிஎக்ஸ்டி

ஸ்பேஸ் பார் தட்டினால் அடுத்த பக்கம், என்டர் தட்டினால் அடுத்த வரி, கியூ தட்டினால் வெளியே வந்துவிடலாம்.

தெரியாமல் ஒரு போட்டோ பைலுக்கு டைப் கொடுத்துவிட்டால் கன்னாபின்னாவென்று எழுத்துகள் வரும், பீப் சத்தம்கூடக் கேட்கலாம். பயப்படாதீர்கள். டைப் படிக்க மட்டுமே செய்யும், பைலுக்கு ஒன்றும் ஆகாது. தமிழ் பைலும் இப்படிக் குழம்பித் தெரியலாம். சிஎச்சிபி 65001 என்று கொடுத்தால் திரை யுனிகோடுக்கு மாறும். அப்போதும் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் குறை பான்ட்டில்தான், பைலில் இல்லை.

ஆபத்து > குறியில்தான் இருக்கிறது. எக்கோ கட்டளை நீங்கள் தரும் வாக்கியத்தைத் திரையில் காட்டும். அதன் பின்னால் >> போட்டுப் பைல் பெயரைத் தந்தால், அந்த வாக்கியம் பைலின் கடைசியில் சேரும். ஒற்றை > போட்டாலோ, பழையது எல்லாம் அழிந்து இந்த ஒரு வரி மட்டுமே மிஞ்சும். எச்சரிக்கை எதுவும் வராது. ரீசைக்கிள் பின்னிலும் தேட முடியாது.

கல்லூரி இறுதியாண்டில் என் புராஜெக்ட் சோதனை முடிவுகளை இப்படித்தான் தினமும் ஒரு வரியாகச் சேர்த்து வந்தேன். ஒரு நாள் இரவு தூக்கக் கலக்கத்தில் ஒரு > குறைந்துவிட்டது. நாற்பது நாள் குறிப்பு காலி! ஞாபகத்திலிருந்து திரும்ப எழுதியதில் பாதித் தேதிகள் தப்பு.

டைப் கட்டளையிலும் இதே கண்ணி உண்டு. இப்படிக் கொடுத்துவிடாதீர்கள்:

டைப் நோட்ஸ்.டிஎக்ஸ்டி > நோட்ஸ்.டிஎக்ஸ்டி

விண்டோஸ் முதலில் வலப்பக்கப் பைலைக் காலி செய்துவிட்டுத்தான் டைப் கட்டளையை இயக்கும். அதற்குள் படிக்க அங்கே எதுவும் இருக்காது. நகல் வேண்டுமென்றால் வலப்பக்கம் வேறு பெயர் கொடுங்கள்.