ஆழமும் தொலைவும்: எந்திரப் பார்வையும் தமிழின் இடப்பொருண்மையும்

0. முன்னுரை

விழித்திரையில் படியும் உருவம் இருபரிமாணமுடையது. ஒளிப்படக் கருவியின் உணர்தளத்தில் படிவதும் அத்தகையதே. உலகமோ முப்பரிமாணமுடையது. இவ்வாறு இழக்கப்படும் மூன்றாம் பரிமாணத்தை மனிதர் எவ்வாறு மீட்கின்றனர், எந்திரம் எவ்வாறு மீட்கிறது, மீட்டதை மொழியில் கூறும்போது எழும் சிக்கல்கள் யாவை என்னும் மூன்று வினாக்களை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது. முதலிரு வினாக்கள் உளவியலுக்கும் கணிப்பொறியியலுக்கும் உரியன. மூன்றாவது மொழியியலாருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் நேரடியாக உரியது.

1. மனிதப் பார்வை

1.1 மனிதரின் இரு விழிகளுக்கும் இடையே ஏறத்தாழ 6.3 செ.மீ. இடைவெளி உண்டு. ஆதலால் ஒரே பொருளின் உருவம் இரு விழித்திரைகளிலும் சற்றே வேறுபட்ட இடங்களில் விழுகிறது. இவ்வேறுபாடே ஆழவுணர்வைத் தருகிறது என்பதைச் சார்லஸ் வீட்ஸ்டன் 1838இல் தாம் அமைத்த இருவிழிக் காட்சிக் கருவியால் நிறுவினார். 1960இல் பேலா யூலெசு ஒழுங்கற்ற புள்ளிகளால் மட்டும் ஆன இணைப்படங்களைக் கணிப்பொறி கொண்டு ஆக்கினார். ஒவ்வொரு படத்தையும் தனியே நோக்கின் எவ்வுருவமும் தென்படாது. இரண்டையும் இரு விழிகளால் ஒருசேர நோக்கின் ஒரு சதுரம் தளத்தினின்று விலகித் தோன்றும். எனவே, பொருளை இன்னதென அறிந்த பின்னரே ஆழம் அறியப்படும் என்னும் கருத்து பொருந்தாதாயிற்று.

1.2 ஒரு விழி மட்டும் உடையோரும் ஆழத்தை உணர்கின்றனர். ஒரு பொருள் மற்றொன்றை மறைத்தல், இணைகோடுகள் தொலைவில் குவிதல், தரையின் இழையமைப்பு தொலைவில் நெருங்குதல், தலையசைவின்போது அண்மைப் பொருள் விரைந்து நகர்தல் முதலியன அதற்குக் குறிப்புகளாகின்றன. ஆக, ஆழம் நேரே காணப்படுவதன்று, குறிப்புகளினின்று உய்த்துணரப்படுவது.

2. எந்திரப் பார்வை

2.1 எந்திரமும் இவ்விரு வழிகளையும் கையாளுகிறது. இரு ஒளிப்படக் கருவிகள் அருகருகே பொருத்தப்படுமாயின், குவியத் தொலைவைக் கருவிகளின் இடைவெளியால் பெருக்கிப் பட வேறுபாட்டால் வகுக்க ஆழம் கிட்டும். குவியத் தொலைவு 700 படப்புள்ளி, இடைவெளி 12 செ.மீ., வேறுபாடு 42 படப்புள்ளி எனக் கொள்வோம். ஆழம் 2 மீட்டர் ஆகும். வேறுபாடு 7 படப்புள்ளியாயின் ஆழம் 12 மீட்டர். அளவீட்டில் ஒரு படப்புள்ளி குறையுமாயின் முன்னதில் விளையும் பிழை ஏறத்தாழ 5 செ.மீ.; பின்னதிலோ 2 மீட்டர். சேய்மை கூடுந்தோறும் ஐயம் பெருகுவது இதனால் விளங்கும்.

2.2 ஒளித்துடிப்பை அனுப்பி அது மீளும் காலத்தை அளப்பது மற்றொரு முறை. 15 மீட்டர் தொலைவிலுள்ள பொருளைத் தொட்டு ஒளி மீள ஏறத்தாழ ஒரு நொடியின் ஒரு கோடியில் ஒரு பங்கு ஆகும். மனிதப் புலன்களுள் இதற்கு இணையானது இல்லை. ஒற்றைப் படத்தினின்றே ஆழத்தை மதிப்பிடும் நரம்புப் பின்னல் முறையை ஐகன் முதலிய மூவர் 2014இல் வெளியிட்டனர். சிறிய அறையின் படமும் அதனையொத்த பெரிய அறையின் படமும் ஒன்றாகவே தோன்றக்கூடும். ஆதலின், இம்முறையில் ஒப்பீட்டு ஆழம் எளிது; உண்மையளவு அரிது.

3. 'ஆழம்' என்னும் கலைச்சொல்

3.1 தமிழில் 'ஆழம்' என்பது மேற்பரப்பினின்று கீழ்நோக்கியோ உள்நோக்கியோ அளக்கப்படுவது. கிணறு, குளம், காயம் ஆகியவற்றிற்கு ஆழம் உண்டு. எதிரே பத்தடி தள்ளி நிற்கும் மரத்தை எவரும் 'பத்தடி ஆழத்தில் நிற்கிறது' என்னார். எந்திரப் பார்வை நூல்களிலோ இப்பொருளே ஆழம் எனப்படுகிறது.

3.2 இதனைத் 'தொலைவு' என மாற்றினால் சிக்கல் தீரும் என எண்ணலாம், தீராது. கருவிக்கு நேர்முன்னே 3 மீட்டரும் பக்கவாட்டில் 4 மீட்டரும் விலகிய ஒரு புள்ளியைக் கருதுக. கருவியினின்று அதற்குள்ள நேர்க்கோட்டுத் தொலைவு 5 மீட்டர். ஆழமோ 3 மீட்டரே. இவ்விரண்டையும் ஒரே சொல்லால் பெயர்ப்பின் கணக்கீட்டுப் பகுதி முழுவதும் பிழைபடும். முன்னதை 'நேர்த்தொலைவு' எனவும் பின்னதை 'முன்னோக்குத் தொலைவு' எனவும் வழங்கலாம். 'ஆழம்' என்பதையே கொள்ள விரும்புவோர் முதல் ஆட்சியிலேயே வரையறை தருதல் இன்றியமையாதது.

4. சார்புச் சட்டகங்கள்

4.1 அளவு தெரிந்த பின்னும் 'இடம்', 'வலம்', 'முன்', 'பின்' ஆகியவற்றின் பொருள் தானே விளங்குவதில்லை. லெவின்சன் முதலியோர் மூவகைச் சட்டகங்களைப் பிரித்துக் காட்டுவர்.

அ. பொருள்சார் சட்டகம்: பொருளின் சொந்த முகத்தை அடிப்படையாகக் கொண்டது.
ஆ. நோக்குநர்சார் சட்டகம்: காண்போரின் உடலை அடிப்படையாகக் கொண்டது.
இ. திசைசார் சட்டகம்: காண்போர் திரும்பினும் மாறாத திசைகளை அடிப்படையாகக் கொண்டது.

4.2 'பந்து நாற்காலிக்கு இடப்பக்கம் இருக்கிறது' என்னும் தொடரை நோக்குக. நாற்காலி காண்போரை நோக்கி இருப்பின், அதன் சொந்த இடப்பக்கம் காண்போரின் வலப்பக்கமாகும். தொடர் ஒன்று, இடங்கள் இரண்டு. மரத்திற்கு இத்தகைய சொந்த முகம் இல்லை. 'மரத்துக்குப் பின்னால்' என்றால் மரத்திற்கு அப்பால் என்பதே தமிழ் வழக்கு. ஹௌசா மொழியில் அப்பால் உள்ளதை மரத்திற்கு 'முன்' எனக் கூறும் வழக்கு உண்டு என்பதைக் கிளிஃபோர்டு ஹில் 1982இல் எடுத்துக்காட்டினார். அம்மொழியினின்று சொல்லுக்குச் சொல் பெயர்ப்பவர் பொருளை மரத்தின் மறுபுறம் கொண்டு சேர்த்துவிடுவார்.

4.3 டேவிட் மார் என்பாரின் பார்வைக் கோட்பாடு (1982) இங்கு ஒப்புநோக்கத்தக்கது. பார்வையின் இடைநிலையில் 'இரண்டரைப் பரிமாண வரைவு' ஒன்று அமைகிறது எனவும், அது காண்போரை மையமாகக் கொண்டது எனவும், இறுதிநிலை முப்பரிமாண உரு பொருளையே மையமாகக் கொண்டது எனவும் அவர் கூறுவார். முதலிரு சட்டகங்களுக்கும் இப்பிரிவுக்கும் உள்ள ஒற்றுமை வெளிப்படை. திசைசார் சட்டகத்திற்கு அவர் கோட்பாட்டில் இணை இல்லை.

5. தமிழ்ச் சான்றுகள்

5.1 தொல்காப்பிய வேற்றுமையியல் ஏழாம் வேற்றுமைக்குரியனவாகப் பத்தொன்பது சொற்களைத் தொகுக்கிறது. மேல், கீழ், முன், பின், வலம், இடம் ஆகியவற்றோடு 'தேவகை' என்பதும் அவற்றுள் ஒன்று. இதனை உரையாசிரியர் திசைக்கூறு எனக் கொள்வர். மூன்று சட்டகங்களுக்கும் உரிய சொற்கள் ஒரே பட்டியலில் இடம்பெற்றுள்ளமை இங்குக் கருதத்தக்கது.

5.2 மேற்கு 'மேல்' என்பதோடும் கிழக்கு 'கீழ்' என்பதோடும் உறவுடையன. மேற்கே மலை உயர்ந்து கிழக்கே கடல் நோக்கி நிலம் தாழும் நில அமைப்பு இச்சொற்களில் படிந்துள்ளது.

5.3 எரிக் பீடர்சன் தமிழ்நாட்டில் நிகழ்த்திய ஆய்வுகள் (1993, 1995) மேசைமேல் உள்ள சிறு பொருள்களின் அமைப்பைக் கூறுவதில் இருவேறு வழக்குகளைக் காட்டின. நகர்ப்புறத்தார் பெரும்பாலும் இடம், வலம் என்றனர்; ஊர்ப்புறத்தார் பலர் வடக்கு, தெற்கு என்றனர். பேச்சின்றிச் செய்யும் சோதனைகளிலும் இவ்வேறுபாடு புலப்பட்டதாக அவர் கண்டார். சூழலே இதற்குக் காரணமாகலாம், மொழி அன்று என லியும் கிளைட்மனும் 2002இல் மறுத்தனர். காரணம் எதுவாயினும், ஒரே மொழியுள் இரு வழக்குகள் உள என்பது மொழிபெயர்ப்பாளர் மறவாதிருக்க வேண்டிய செய்தி.

6. எந்திரம் தடுமாறும் இடம்

6.1 லியூ, எமர்சன், கோலியர் ஆகியோர் 2023இல் வெளியிட்ட ஆய்வில், படங்களோடு ஆங்கிலத் தொடர்கள் இணைக்கப்பட்ட பத்தாயிரத்திற்கு மேற்பட்ட இணைகளைக் கொண்டு, தொடர் கூறும் இட உறவு படத்திற்குப் பொருந்துமா என வினவப்பட்டது. மனிதர் 95 விழுக்காட்டிற்கு மேல் சரியாகக் கூறினர். அன்று சோதிக்கப்பட்ட எந்திரங்கள் ஏறத்தாழ 70 விழுக்காடே எட்டின. பொருளின் முகம் எத்திசை நோக்கியது என அறியவேண்டிய உறவுகளில் தடுமாற்றம் மிகுந்தது.

6.2 அளவீட்டுத் திறனைக் கூட்டுவதால் மட்டும் இக்குறை தீராது. ஒவ்வொரு புள்ளியின் ஆழமும் மில்லிமீட்டர் வரை தெரிந்தாலும், 'இடப்பக்கம்' என்றவர் எவருடைய இடப்பக்கத்தைக் கருதினார் என்பது அவ்வெண்களில் இல்லை. அது பேச்சுச் சூழலிலும் மொழி வழக்கிலும் உள்ளது.

6.3 மருத்துவத்தில் 'இடது நுரையீரல்' என்றால் நோயாளியின் இடது என்பது உறுதியான மரபு. மார்பின் ஊடுகதிர்ப் படத்தில் அது காண்போரின் வலப்பக்கம் தோன்றும். படத்தைக் கண்டு விளக்கம் எழுதும் எந்திரமும், அவ்விளக்கத்தைத் தமிழாக்குபவரும் இம்மரபை அறியாராயின் விளைவது சொற்பிழை அன்று, உயிர்ப்பிழை.

7. முடிவுரை

ஆழத்தை மீட்பதில் மனிதரும் எந்திரமும் பெரிதும் ஒத்த வழிகளைக் கொள்கின்றனர். சிலவற்றில் எந்திரம் விஞ்சுகிறது. மீட்ட ஆழத்தை மொழியோடு பிணைப்பதில் சட்டகத் தெரிவு குறுக்கிடுகிறது. எனவே, இடப்பொருண்மை பற்றிய தமிழ்த் தரவுகளைத் தொகுப்போர் ஒவ்வொரு தொடரோடும் மூன்று செய்திகளைக் குறித்தல் நலம்: பேசுவோர் நின்ற நிலை, பொருளின் முகம், ஆளப்பட்ட சட்டகம். ஊர்ப்புற வழக்கும் அதில் இடம்பெற வேண்டும். இவை குறிக்கப்படாத தொகுப்பினின்று கற்கும் எந்திரம் நகர்ப்புற வழக்கையே தமிழ் முழுமையும் எனக் கொள்ளும். 'வடக்கே இருப்பதை எடு' என்னும் இயல்பான தமிழ்த் தொடர் அதற்கு விளங்காது போகும்.