வில்லியம் மார்ஷல் கற்ற மறக்கல்வி

இடைக்கால ஐரோப்பாவில் 'நைட்' எனப்பட்ட குதிரைமறவர் நிலை, வாள் பூட்டும் சடங்கினால் ஒரே நாளில் எய்தப்படுவது எனப் பலரும் கருதுவர். அச்சடங்கிற்கு முன்னும் பின்னும் இளைஞன் ஒருவன் யாரிடம் எதனைக் கற்றான் என்பதே ஆராயத்தக்கது. இதற்கு வில்லியம் மார்ஷலின் வாழ்க்கை சிறந்த சான்றாகும். 1219-இல் அவர் மறைந்த சில ஆண்டுகளில், அவர்தம் மகன் பொருளுதவ, பழைய பிரெஞ்சு மொழியில் பத்தொன்பதாயிரம் அடிகளுக்கு மேற்பட்ட செய்யுள் வரலாறு ஒன்று இயற்றப்பெற்றது. இதன் ஏட்டினைப் பால் மேயர் என்னும் அறிஞர் 1881-இல் தேடிக் கண்டார். குடும்பத்தார் புரந்த நூலாதலின் இதிற் புகழ்ச்சி மிகுதி. ஆயினும் தலைவன் நகைப்பிற்கு இடனாய செய்திகளையும் மறையாது கூறுதலின், அவ்விடங்கள் நம்பற்பாலன என்க.

நிலவுரிமைக்கு வாய்ப்பற்ற இளைய மைந்தரான வில்லியம், நார்மண்டியில் டாங்கர்வில் கோட்டைத் தலைவராகிய உறவினரிடம் அனுப்பப்பெற்றார். குதிரை பேணல், கவசந் துலக்கல், பந்தியிற் பரிமாறல் ஆகியன ஆண்டுப் பயிலும் இளைஞர்தம் கடமைகள். இவரோ உண்பதிலும் உறங்குவதிலுமே முனைந்தார் எனக் கோட்டையினர் எள்ளிப் 'பெருந்தீனியர்' எனப் பெயரிட்டனர். தலைவர் மட்டும் இவர் பின்னர் விளங்குவார் என்று உறுதியாகக் கூறினாராம்.

1166-ஐ ஒட்டி டிரின்கூர் என்னும் ஊரில் வில்லியம் வாள் பூட்டப்பெற்றார். உடனே அங்கு நிகழ்ந்த போரில் அஞ்சாது பொருதார். தம் குதிரையையும் இழந்தார். அன்றிரவு விருந்தில் எசெக்ஸ் கோமகனாகிய மாண்டவில் என்பார், குதிரையின் வால்வாரையேனும் பழைய கழுத்துப்பட்டையையேனும் தமக்குப் பரிசளிக்குமாறு வேண்டினார். அத்தகைய பொருள் தம்மிடம் என்றும் இருந்ததில்லை என வில்லியம் வெள்ளையாக விடையிறுத்தார். இன்று நாற்பதோ அறுபதோ பெற்றிருக்கலாமே என்று கோமகன் கூறவே, அவையோர் நகைத்தனர். வென்றவர் குதிரையைக் கவர்வதும், சிறைப்பட்டோரிடம் மீட்புப்பணம் பெறுவதுமே நிலமற்ற மறவனின் வாழ்வாதாரம். அதனை எவரும் அவர்க்கு முன்னர் உணர்த்தியதாக நூலிற் காணவில்லை. ஒரு கேலியே ஆசிரியனாயிற்று.

போர் ஓய்ந்தபின் டாங்கர்வில் தலைவர் புதிய குதிரை தரவில்லை. வில்லியம் சடங்கின்போது அணிந்த மேலாடையை 22 ஷில்லிங்கிற்கு விற்று, சுமைக்குதிரை ஒன்று வாங்கினார். மாணவனைத் தம் காலில் நிற்பிக்கும் உபாயம் இஃதென்று கொள்வாரும் உளர். அமைதிக் காலத்துச் சிக்கனமே இதுவென யாம் கருதுவோம். ஏனெனில், லே மான் அருகே போர்விளையாட்டு அறிவிக்கப்பட்டதும் அத்தலைவரே, ஒருவராலும் அடக்கவியலாத வலிய குதிரையை அவர்க்கு அளித்தார். வில்லியம் கடிவாளத்தைத் திருத்தி அமைத்து அதனை வயப்படுத்தினார். ஸ்காட்லாந்து அரசவையைச் சேர்ந்த பிலிப் டி வலோய்ன் என்பாரைச் சிறைப்படுத்தி, மீட்புப்பணமும் பெற்றார்.

1170-இல் இரண்டாம் ஹென்றி மன்னர், அவ்வாண்டே முடிசூட்டப்பெற்ற தம் மைந்தன் இளைய ஹென்றிக்குப் போர்த்துறையில் வழிகாட்ட இவரை அமர்த்தினார். 1173-இல் தந்தையோடு மாறுபட்டெழுந்த அவ்விளவரசர், தமக்கு வாள் பூட்டுமாறு வில்லியத்தையே வேண்டினார் என்று செய்யுள் வரலாறு கூறுகின்றது. இதனை ஐயுறுவாரும் உண்டு. தந்தையே முன்னர்ப் பூட்டினார் என்பது அவர் கொள்கை. ஆயினும், பேரரசர் மைந்தனுக்கு வாள் பூட்டிய அந்நாளில் தம் தலைவர்க்கு ஒரு துண்டு நிலமும் இல்லை என்பதைப் புலவர் பெருமிதத்துடனேயே பாடிச் செல்கின்றார்.