பட்டி தேய்க்கிற தூசியை வேக்குவம் வச்சு அடக்குவது எப்படி?

வீட்டுக்குப் பெயிண்ட் அடிச்சவங்களுக்குத் தெரியும், சுவர்ல பட்டி தேய்க்கிற அன்னைக்கு வீடே மாவு மில் மாதிரி ஆயிடும். ஜிப்சம் போர்டுல ஃபால்ஸ் சீலிங் போட்டு, ஜாயின்ட் காம்பவுண்டை உப்புத்தாளால தேய்ச்சாலும் இதே கதைதான். இந்தத் தூசியை எப்படி அடக்கலாம்னு இன்னைக்குப் பார்ப்போம்.

கண்ணுக்குத் தெரியுற தூள் சீக்கிரம் தரைக்கு வந்துடும். நுரையீரலோட ஆழம் வரைக்கும் போறது, சுமார் 5 மைக்ரானுக்கும் சின்னதா இருக்கிற துகள். நம்ம தலைமுடியே கிட்டத்தட்ட 70 மைக்ரான் தடிமன், அப்போ இது எவ்வளவு சின்னதுன்னு பாருங்க! இதுல ரொம்பப் பொடியான துகள்கள் காத்துல மணிக்கணக்கா மிதக்கும். சில ஜாயின்ட் காம்பவுண்டுகள்ல சிலிக்காவும் கலந்திருக்கும். சிலிக்காத் தூளை வருஷக்கணக்கா சுவாசிச்சா சிலிகோசிஸ் வரலாம். அது குணப்படுத்த முடியாத நோய்.

அதனால, "தேய்ச்சு முடிச்சுட்டுப் பெருக்கிக்கலாம்" என்பது வேலைக்கு ஆகாது. விளக்குமாறு போட்டா, கீழே உக்காந்த தூசியும் மறுபடி கிளம்பும். தூசி கிளம்புற இடத்திலேயே அதை இழுத்துடணும்.

இதுக்குன்னே வேக்குவம் பொருத்துற சாண்டர் இருக்கு. உப்புத்தாள்லயும் அதைப் பிடிக்கிற தட்டுலயும் ஓட்டைகள் இருக்கும். பின்னாடி வேக்குவம் ஹோஸை மாட்டணும். ரெண்டு ஓட்டையும் நேருக்கு நேர் இருந்தாத்தான் தூசி உள்ளே போகும். அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியாஷ், இந்த மாதிரி 5 கருவிகளைச் சோதிச்சு 1999-இல் முடிவை வெளியிட்டது. வேலை செய்றவங்க மேல படுற தூசி 80 முதல் 97 சதவீதம் வரை குறைஞ்சது.

வீட்டுல சோபா சுத்தம் பண்ற வேக்குவத்தை மாட்டலாமா? அவசரப்படாதீங்க. சாதாரணத் துணிப்பை இருக்கிற மெஷின், முன்னாடி இழுத்த பொடியைப் பின்னாடி ஊதிடும். ஹெப்பா ஃபில்டர் வேணும். அது 0.3 மைக்ரான் துகள்லயே 99.97 சதவீதத்தைப் பிடிக்கும். ஆனா பட்டித்தூள் அதைச் சீக்கிரம் அடைச்சிடும். அதுக்கு முன்னாடி ஒரு டஸ்ட் பேக்கோ, சைக்ளோன் வாளியோ இருந்தா பெரும்பகுதி அங்கேயே தங்கிடும். இழுவை குறைஞ்ச மாதிரி தெரிஞ்சா, நிறுத்திட்டு ஃபில்டரைப் பாருங்க.

சீலிங் ஃபேன், ஏசி ரெண்டையும் ஆஃப் பண்ணுங்க. ஏசியைக் கவர் போட்டு மூடுங்க. கதவுல பிளாஸ்டிக் ஷீட் ஒட்டுங்க. கடைசியா தரையை ஈரத்துணியால துடைங்க. வேக்குவம் இருந்தாலும் மாஸ்க் அவசியம். கைக்குட்டை போதாது, முகத்தோட ஒட்டி நிக்கிற என்95 வேணும்.

நமக்கு இது ரெண்டு நாள் தொல்லை. பெயிண்டர் அண்ணனுக்கு இது தினமும் சுவாசிக்கிற காத்து. அதனால கான்ட்ராக்டர்கிட்ட ரேட் பேசும்போதே, "வேக்குவம் சாண்டிங் இருக்கா? தேய்க்கிறவங்களுக்கு மாஸ்க் குடுப்பீங்களா?"ன்னு கேளுங்க. கொஞ்சம் கூடக் கேட்டாலும், அந்தச் செலவை பட்ஜெட்லயே சேர்த்துடுங்க.