சைக்கிளின் கழுத்து மூட்டு: இறுக்கமும் தளர்ச்சியும்

மைசூரு நகரின் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 300 மீட்டர் உயர்ந்து நிற்பது சாமுண்டி மலை. அதன் வளைவான பாதையில் சைக்கிளில் இறங்குவோர் முன்பிரேக்கை அழுத்தும்போது, ஹாண்டில்பாருக்குக் கீழே ‘டக், டக்’ என்ற ஒலி எழுவதுண்டு. சமதரையில் எளிதில் கேட்காத இவ்வொலி, கழுத்துக் குழாயினுள் முன்ஃபோர்க் தளர்ந்திருப்பதன் அறிகுறியாகலாம்.

கழுத்துக் குழாயின் இரு முனைகளிலும் கிண்ணங்கள் பொருத்தப்பட்டுள்ளன. அவற்றில் எஃகுக் குண்டுகள் உருளுகின்றன. மேற்புறத்தில், ஃபோர்க்கின் மரையில் திருகப்படும் கோன் குண்டுகளை அழுத்துகிறது. அதன்மேல் வாஷரும் பூட்டு நட்டும் அமைந்துள்ளன. மூட்டு தளர்ந்தால் ஒவ்வொரு குலுக்கலிலும் குண்டுகள் கிண்ணத்தை மோதிக் குழிகளை உண்டாக்கும்.

தளர்ச்சியைக் கண்டதும் கோனை முழு வலிமையுடன் இறுக்கிவிடுவது பலரும் செய்யும் பிழையாகும். இறுகிய மூட்டு ஓசை எழுப்பாது. ஆனால் சைக்கிளின் சமநிலையைக் கெடுத்துவிடும். ஓடும் சைக்கிள் விழாதிருப்பதற்கு, அது சாயும் பக்கமே முன்சக்கரம் திரும்புதல் இன்றியமையாதது. ஆசிரியர்கள் இதனை வகுப்பில் காட்டலாம். சீட்டைப் பிடித்துச் சைக்கிளை ஒரு பக்கம் சாய்த்தால், சக்கரம் தானே அப்பக்கம் திரும்பும். மூட்டு இறுகியிருந்தால் அவ்வாறு திரும்பாது. சுழலும் சக்கரத்தின் கைரோ விளைவு இல்லாமலே சைக்கிள் தன்னை நிலைநிறுத்திக்கொள்ள இயலும் என்பதை 2011-ஆம் ஆண்டில் ஆய்வாளர்கள் செய்துகாட்டினர். சாயும் பக்கம் திரும்பும் இயல்பு அந்தச் சைக்கிளிலும் இருந்தது.

பொருத்தும் முறை பின்வருமாறு: கிண்ணங்கள் கோணலின்றி முழுவதும் அமர வேண்டும். கிரீஸ் தடவி, பழைய குண்டுகளின் விட்டமே உடைய புதிய குண்டுகளை அடுக்குக. ஏறக்குறைய ஒரு குண்டுக்குரிய இடம் காலியாக இருக்கட்டும். கோனைக் கையால் திருகி, குண்டுகளைத் தொட்டதும் சிறிது தளர்த்துக. பின்னர்க் கோனை ஒரு ஸ்பானரால் அசையாது பிடித்து, மற்றொன்றால் பூட்டு நட்டை இறுக்குக. நட்டு இறுகும்போது கோன் மேலும் சிறிது அழுந்தும். முன்னரே தளர்த்தியதன் காரணம் இதுவே. அங்குலத்திற்கு 24 மரைகள் கொண்ட கோன், எட்டில் ஒரு பங்கு சுற்றில் 0.13 மில்லிமீட்டர்தான் நகர்கிறது. அவ்வளவே சரிக்கும் பிழைக்கும் இடையிலுள்ள தூரம்.

இறுதியில் இரு சோதனைகள் தேவை. முன்பிரேக்கைப் பிடித்துச் சைக்கிளை முன்னும் பின்னும் அசைத்தால், மேல் மூட்டில் வைத்த விரலுக்கு ஆட்டம் தெரியக்கூடாது. முன்சக்கரத்தைத் தூக்கினால், ஹாண்டில்பார் இருபுறமும் தடையின்றித் திரும்ப வேண்டும். நேர்நிலையில் மட்டும் அது தட்டி நின்றால் கிண்ணங்கள் குழிந்துள்ளன என்று அறிக. அவற்றை மாற்றுவதே பரிகாரம். சில நாட்கள் ஓட்டியபின் மீண்டும் சோதித்தல் நன்று.

2017-ஆம் ஆண்டில் மைசூருவில் தொடங்கப்பட்ட ‘ட்ரின் ட்ரின்’ திட்டத்தின் சைக்கிளாயினும், கிராம அலுவலகத்தின் பொதுச் சைக்கிளாயினும், பலர் கைமாறும் வண்டியில் மூட்டின் ஒலியைத் தன் பொறுப்பாகக் கருதுவோர் அரியர். ஏறுமுன் இவ்விரு சோதனைகளையும் செய்ய ஒரு நிமிடமே போதும்.