ஆலோசனைக் கண்காட்சிக்குக் கேள்வியோடு செல்வோம்

கெலாங் பாத்தாவைச் சுற்றிலும் ரப்பரும் செம்பனையும் நிறைந்திருந்த காலத்தை நம்முள் மூத்தவர்கள் நன்கறிவர். அன்று தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தெரிந்த வழி பெரும்பாலும் ஒன்றே. தந்தை வெட்டிய நிரையை மகன் வெட்டினான். தாய் சுமந்த வாளியை மகள் சுமந்தாள். இன்றோ காட்சி மாறிவிட்டது. 1998-ஆம் ஆண்டில் சிங்கப்பூரின் துவாஸுக்குச் செல்லும் இரண்டாம் பாலம் திறக்கப்பட்டது. அதற்கடுத்த சில ஆண்டுகளில் தஞ்சோங் பெலெப்பாஸ் துறைமுகம் இயங்கத் தொடங்கியது. பின்னர் அண்மையில் உள்ள இஸ்கந்தர் புத்திரியில் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களின் கிளைகளும் அமைந்தன. வழிகள் பெருகிவிட்டன. ஆயின் எவ்வழி தனக்குரியது என்று அறியாது மயங்கும் இளைஞர்களும் பெருகியுள்ளனர்.

எஸ்.பி.எம். தேர்வை முடித்த ஓர் இளைஞனை எடுத்துக்கொள்வோம். பாலத்தைக் கடந்து தொழிற்சாலை வேலைக்குச் சென்றால் சிங்கப்பூர் வெள்ளியில் சம்பளம் கிடைக்கும். அதன் மதிப்போ நமது நாணயத்தில் மூன்று மடங்கிற்கும் மேல். "வீட்டுக் கடனை அடைக்கலாம்" என்கிறார் தந்தை. "மேலே படிக்கட்டும்" என்கிறார் தாய். "பொறியியல்தான் படிக்க வேண்டும்" என்கிறார் மாமா. எல்லாரும் அவனுடைய நன்மையை நாடியே பேசுகின்றனர். எனினும், "தம்பி, உன் மனம் எதை நாடுகிறது?" என்று அவனிடம் கேட்டவர் ஒருவருமிலர். அவ்வாறு கேட்பதும், அதற்கு அவனே விடை காணத் துணை நிற்பதும் ஆலோசகரின் பணியாகும்.

இத்தகைய பணிக்குப் பயிலும் முதுகலை மாணவர்களைப் பொதுமக்கள் நேரில் காணும் வாய்ப்பே ஆலோசனைக் கண்காட்சி. நமக்கு அருகிலுள்ள ஸ்கூடாயில் இயங்கும் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் பொறியியலுக்குப் பெயர்பெற்றது எனினும், வழிகாட்டலையும் ஆலோசனையையும் முதுகலை அளவில் கற்பித்து வந்துள்ளது. இத்துறை மாணவர்கள் தாங்கள் செய்த ஆய்வுகளையும், பள்ளிகளில் பெற்ற பயிற்சியையும், பயன்படுத்தும் சோதனைகளையும் மக்கள் முன் விளக்கிக் காட்டுவதுண்டு. அங்கே சென்று படங்களைப் பார்த்துவிட்டு, துண்டுத் தாள்களைப் பையில் இட்டுக்கொண்டு திரும்பினால் பயன் ஒன்றுமில்லை. அவ்வாய்ப்பை முழுமையாகப் பயன்படுத்திக்கொள்வது எவ்வாறு என்பதைப் பார்ப்போம்.

நமக்கும் உரிய கலை

"ஆலோசனை என்பது படித்தவர்க்கும் பணக்காரர்க்கும் உரியது" என்ற எண்ணம் நம்மிடையே உண்டு. அது தவறு. தொழில் வழிகாட்டலின் தந்தை எனப் போற்றப்படும் பிராங்க் பார்சன்ஸ் என்பார், 1908-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஒரு வழிகாட்டி நிலையத்தைத் தொடங்கினார். அந்நிலையம் எழுந்ததோ, பிழைப்புத் தேடிப் பிற நாடுகளிலிருந்து வந்து குடியேறிய தொழிலாளர்கள் நெருங்கி வாழ்ந்த பகுதியில். அவர் கற்பித்த முறை மிக எளியது. முதலில் உன்னை நீ அறிந்துகொள். அடுத்து, தொழில்களின் தேவைகளையும் வாய்ப்புகளையும் அறிந்துகொள். பின்னர் இவ்விரண்டும் பொருந்துமா என்று எண்ணிப் பார். கடல் கடந்து வந்த பாட்டாளி மக்களின் பிள்ளைகளுக்கென எழுந்த இக்கலை நமக்கு எவ்வாறு அந்நியமாகும்?

நமது நாட்டிலும் பள்ளிகளில் வழிகாட்டும் பணி 1960-களிலேயே தொடங்கிவிட்டது. இடைநிலைப் பள்ளிகளில் முழுநேர ஆலோசக ஆசிரியர்கள் 1996 முதல் பணியாற்றி வருகின்றனர்.

செல்வதற்கு முன்

கண்காட்சிக்குச் செல்வதற்கு முதல் நாள் இரவு, பெற்றோரும் பிள்ளையும் ஒன்றாக அமர்ந்து ஒரு தாளில் மூன்று செய்திகளை எழுதிக்கொள்ளுதல் நன்று. பிள்ளை விரும்பிச் செய்யும் செயல்கள் யாவை என்பது ஒன்று. குடும்பம் எவ்வளவு செலவைத் தாங்கும் என்பது மற்றொன்று. எதைப் பற்றி அச்சம் உள்ளது என்பது மூன்றாவது. முதல் பகுதியைப் பிள்ளையே எழுத வேண்டும். பெற்றோர் திருத்துதல் கூடாது. இரண்டாம் பகுதியைப் பெற்றோர் மறைக்காது எழுத வேண்டும். வீட்டு நிலையை அறிந்த பிள்ளை பொறுப்போடு முடிவெடுக்கும். அறியாத பிள்ளையோ தன் மேற்படிப்பு மறுக்கப்படுவதற்குத் தன் மீது அன்பில்லாமையே காரணம் என்று எண்ணக்கூடும்.

தேர்வுச் சான்றிதழின் படியையும் உடன் கொண்டுசெல்லலாம். நல்ல புள்ளிகள் பெறாதவர்கள் கூசி நிற்க வேண்டியதில்லை. அவர்களுக்கே இங்கு மிகுந்த பயன் உண்டு.

அரங்கினுள்

இத்தகைய அரங்குகளில் இளைஞர்களை மிகவும் ஈர்ப்பது தொழில் ஆர்வச் சோதனை ஆகும். அமெரிக்க உளவியல் அறிஞர் ஜான் ஹாலந்து 1959-இல் வெளியிட்ட கொள்கையைத் தழுவிய சோதனைகள் பல உள்ளன. கைத்திறன் வேலை, ஆராய்ச்சி, கலை, மக்கள் தொண்டு, வாணிப முயற்சி, அலுவலக ஒழுங்குப் பணி என ஆறு வகையாக மனிதரின் நாட்டத்தை அது பிரிக்கிறது. ஓய்வு நேரமெல்லாம் மோட்டார் சைக்கிளைக் கழற்றிப் பூட்டும் பையனுக்குக் கைத்திறன் நாட்டம் மிகுதி என்று விடை வரலாம். அதனால் அவன் பட்டறையோடு நின்றுவிட வேண்டும் என்பது பொருளன்று. தொழிற்கல்லூரி, போலிடெக்னிக், பின்னர் பொறியியல் பட்டம் என அவ்வழி மேலே செல்கிறது. சோதனையின் விடை சாதகக் குறிப்பன்று. எண்ணிப் பார்ப்பதற்கு ஒரு தொடக்கமே ஆகும். ஆகவே, "என் மகன் என்ன ஆவான்?" என்று கேளாமல், "இந்த விடையிலிருந்து நாங்கள் எதை எண்ணிப் பார்க்க வேண்டும்?" என்று கேளுங்கள்.

மேலும் சில கேள்விகளைக் கேட்கலாம். இப்படிப்பு எத்தனை ஆண்டுகள்? விடுதிச் செலவு எவ்வளவு? 1997-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி அமைந்த உயர்கல்வி நிதிக் கழகத்தின் கடனுதவி இதற்குக் கிட்டுமா? கிட்டினால் அதனைத் திருப்பிச் செலுத்துவது எவ்வாறு? முதலில் வேலை, பின்னர் படிப்பு என்று முடிவு செய்தால் எந்த வாசல்கள் திறந்திருக்கும், எவை மூடிக்கொள்ளும்? இக்கடைசிக் கேள்வி பாலத்தைக் கடக்க நினைக்கும் இளைஞர்களுக்கு இன்றியமையாதது. சிங்கப்பூர் வேலை இழிவானதன்று. ஆயினும் ஓராண்டு என எண்ணிச் சென்றது பத்தாண்டாக நீளக்கூடும் என்பதையும் முன்னரே சிந்தித்தல் வேண்டும்.

தயக்கம் இருப்பின் தமிழ் பேசும் மாணவர் எவரேனும் உள்ளாரா என்று கேட்பதில் குற்றமில்லை. மனத்தில் உள்ளதைத் தாய்மொழியில் சொல்வது எளிது.

கவனத்தில் கொள்ள வேண்டியவை

கண்காட்சியில் நிற்போர் இன்னும் பயிற்சியில் உள்ள மாணவர்கள் என்பதை மறவாதீர்கள். நமது நாட்டில் 1998-ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டத்தின்படி, ஆலோசகர் வாரியத்தில் பதிவு பெற்று, தொழில் நடத்தும் சான்றும் பெற்றவரே ஆலோசகராகப் பணியாற்ற இயலும். பயிற்சி மாணவர்கள் தங்கள் விரிவுரையாளரின் மேற்பார்வையில் செயற்படுகின்றனர். "நீங்கள் பயிற்சி மாணவரா, பதிவு பெற்றவரா?" என்று கேட்டால் அவர்கள் வருந்தமாட்டார்கள், நேர்மையாக விடை கூறுவர்.

குடும்பச் சண்டை, குடிப்பழக்கம், மகளின் மனச்சோர்வு போன்ற துன்பங்களைப் பலரும் நடமாடும் அரங்கில் விவரித்தல் ஏற்றதன்று. "இதனைத் தனியே பேச வேண்டும்" என்று மட்டும் கூறுங்கள். எங்கே, யாரிடம் செல்லலாம் என்று வழி காட்டுவார்கள். தனியறையில் பேசியவற்றைக் காப்பது ஆலோசகரின் கடமை. உயிருக்கு ஆபத்து நேரும் நிலை போன்ற தவிர்க்க முடியாத வேளைகளில் மட்டுமே அது பிறருக்குச் சொல்லப்படும். இவ்வாறு உதவி நாடுவோரைப் "பைத்தியம்" என்று பழிக்கும் பழக்கத்தை நாம் அடியோடு விட்டொழிக்க வேண்டும். காய்ச்சலுக்கு மருந்தகம் செல்வோரை நாம் பழிப்பதில்லை அல்லவா?

வீடு திரும்பிய பின்

பலரும் தவறவிடும் கட்டம் இதுவே. முதல் நாள் எழுதிய தாளை மீண்டும் எடுங்கள். அன்று கேட்டறிந்தவற்றை அதன் கீழே குறித்து, அடுத்த ஒரு வாரத்தில் செய்ய வேண்டிய ஒரே ஒரு செயலைத் தீர்மானியுங்கள். பள்ளியின் ஆலோசக ஆசிரியரைச் சந்திப்பதாக இருக்கலாம். உயர்கல்வி விண்ணப்பத்தின் இறுதி நாளைக் கேட்டறிவதாக இருக்கலாம். பத்துச் செயல்களை எண்ணி ஒன்றையும் செய்யாதிருப்பதினும், ஒன்றை எண்ணி அதனை முடிப்பதே சிறந்தது.

இன்னும் ஒன்று கூற விரும்புகிறோம். அங்கே செல்லும் நம் பிள்ளைகளுள் சிலருக்கு, "நானும் இப்பணிக்கு வரலாமே" என்ற எண்ணம் தோன்றக்கூடும். அதனை வரவேற்போம். லயத்து வாழ்வின் இன்பதுன்பங்களை அறிந்தவர், தமிழில் கேட்டுத் தமிழில் ஆறுதல் சொல்ல வல்லவர், நம் மக்களுக்குத் தேவை. அம்மாணவர்களிடமே அவர்கள் வந்த வழியைக் கேட்டறியலாம்.

வெட்டும் நிரையைத் தோட்டத்து மண்டோர் குறித்துக் கொடுத்த காலம் போயிற்று. இன்று நம் பிள்ளைகள் தத்தம் நிரையைத் தாமே தேர்ந்துகொள்ள வேண்டியவர்களாக உள்ளனர். அவர்களுக்காக நாம் முடிவெடுத்தல் வேண்டா. முடிவெடுக்கும் வேளையில் அவர்கள் தனித்து நில்லாதபடி பார்த்துக்கொள்வோம். அடுத்த கண்காட்சிக்குப் பிள்ளையை மட்டும் அனுப்பாது, நாமும் உடன் செல்வோமாக.