தடுப்பணை கட்டினால் போதுமா? ஹிவ்ரே பஜார் போடும் தண்ணீர்க் கணக்கு

மகாராஷ்டிர அரசு 2014-ல் ‘ஜல்யுக்த் சிவார்’ திட்டத்தைத் தொடங்கியது. தடுப்பணை, ஓடை ஆழப்படுத்துதல், பண்ணைக்குட்டை என 9,600 கோடி ரூபாய்க்கு மேல் செலவானது. ஆனால், நிலத்தடி நீர்மட்டத்தை உயர்த்துவதில் இத்திட்டம் பெரிய பலன் தரவில்லை என்று சிஏஜி அறிக்கை 2020-ல் சொன்னது. அதே மாநிலத்தில், அகமதுநகர் (இப்போது அகில்யாநகர்) மாவட்டத்தில் உள்ள சின்ன ஊர் ஹிவ்ரே பஜார். ஆண்டு மழை சுமார் 400 மி.மீ.தான். ஆனாலும் அங்கே கிணறுகளில் தண்ணீர் நிற்கிறது. எப்படி?

நீர்வடிப்பகுதி என்றால் என்ன?

ஒரு குன்றின் உச்சியிலிருந்து அடிவாரம் வரை விழும் மழை எல்லாம் ஒரே ஓடையில் வந்து சேர்ந்தால், அந்த மொத்த நிலப்பரப்பும் ஒரு நீர்வடிப்பகுதி. குன்று, மேய்ச்சல் நிலம், வயல், கிணறு எல்லாமே அதற்குள் அடக்கம். மேட்டில் மரம் வெட்டினால் பள்ளத்தில் இருக்கும் ஓடை மண்மூடிப் போகும். மேலே மழையைத் தடுத்து நிறுத்தினால் கீழே கிணறு ஊறும்.

வேலையை எங்கே தொடங்க வேண்டும்?

உச்சியிலிருந்து கீழ்நோக்கி வர வேண்டும். முதலில் குன்றின் சரிவில் குறுக்கே பள்ளங்கள் வெட்டி, மரமும் புல்லும் வளர்க்க வேண்டும். பிறகு வயல்களில் வரப்பு. தடுப்பணையும் கசிவுநீர்க் குட்டையும் கடைசியில்தான். மேலே வேலை செய்யாமல் கீழே மட்டும் அணை கட்டினால், சில மழைக்காலத்திலேயே வண்டல் நிரம்பிவிடும்.

ஹிவ்ரே பஜாரில் என்ன நடந்தது?

1972 வறட்சிக்குப் பிறகு ஊர் காய்ந்து கிடந்தது. பலர் பிழைப்புக்காக மும்பை, புனே என்று கிளம்பினார்கள். போபட்ராவ் பவார் ஊராட்சித் தலைவரான பிறகு, 1990-களில் வேலை உறுதித் திட்டம், ஆதர்ஷ் காவ் யோஜனா ஆகியவற்றின் நிதியுடன் குன்றுகளில் பணி நடந்தது. மக்களும் உடலுழைப்பைக் கொடுத்தார்கள். ஆடு, மாடுகளை அவிழ்த்துவிட்டு மேய்ப்பதும், மரம் வெட்டுவதும் தடை செய்யப்பட்டன. புல்லை அறுத்து எடுத்துப் போகலாம். தீவனம் பெருகியதால் பால் உற்பத்தியும் கூடியது. 1995-ல் வறுமைக்கோட்டுக்குக் கீழே 168 குடும்பங்கள் இருந்தன. 1998 கணக்கெடுப்பில் அது 53 ஆனது. பவாருக்கு 2020-ல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

போர்வெல்லுக்கு ஏன் தடை?

தக்காணப் பாறை கெட்டியானது. சிதைந்த மேல்அடுக்கிலும் விரிசல்களிலும்தான் தண்ணீர் தங்கும். ஒருவர் ஆழமாக போர் போட்டு இழுத்தால், பக்கத்துக் கிணறு வற்றும். ஊரே சேர்ந்து தேக்கிய தண்ணீர், வசதியுள்ள ஒருவரின் மோட்டாருக்குப் போய்விடும். அதனால் பாசனத்துக்கு போர்வெல் கூடாது; கரும்பு, வாழை போன்ற தண்ணீர் அதிகம் குடிக்கும் பயிர்களும் கூடாது என்று கிராம சபை முடிவு செய்தது.

தண்ணீர் பட்ஜெட் எப்படிப் போடுகிறார்கள்?

மழை எவ்வளவு பெய்தது, கிணறுகளில் மட்டம் எவ்வளவு என்று அளக்கிறார்கள். குடிநீருக்கும் கால்நடைக்கும் முதலில் ஒதுக்குகிறார்கள். மிச்சம் இருப்பதை வைத்துத்தான் அடுத்த பயிர். மழை குறைந்த வருஷம் தண்ணீர் அதிகம் கேட்கும் பயிரின் பரப்பைக் குறைத்துக்கொள்கிறார்கள்.

மற்ற ஊர்களில் இது நடக்குமா?

கஷ்டம்தான். ‘என் நிலம், என் போர், கேக்குறதுக்கு நீ யாரு?’ என்ற கேள்விக்குச் சட்டத்தின் ஆதரவும் இருக்கிறது. 1882-ம் ஆண்டு வசதியுரிமைச் சட்டம், நிலத்துக்குக் கீழே உள்ள நீரை எடுக்கும் உரிமையை நில உரிமையாளருக்கே தருகிறது. அந்த உரிமையைத் தாங்களாகவே விட்டுக்கொடுக்க ஊரார் ஒத்துக்கொள்ள வேண்டும். ஹிவ்ரே பஜார் சிறிய ஊர், தலைமையும் நீண்டகாலம் மாறாமல் இருந்தது என்பது அதற்கு உதவியது.

அணை கட்டும் செலவை அரசு ஒரே பட்ஜெட்டில் ஒதுக்கிவிடலாம். தேங்கிய தண்ணீரில் யாருக்கு எவ்வளவு என்பதை ஒவ்வொரு வருஷமும் ஊர்தான் உட்கார்ந்து பேச வேண்டும். அந்தப் பேச்சு நடக்காத ஊரில், தடுப்பணை நிரப்பிய தண்ணீரை அடுத்த கோடைக்குள் போர்வெல்கள் உறிஞ்சிவிடும்.